நல்லா நடக்குற பையனுக்கு எதுக்கு நீல பேட்ஜ்?

இந்த எபிசோட் ஒரு சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல ஆரம்பிக்குது.

போன வருஷம் வேலை விஷயமா ரெண்டு மாசம் இங்கிலாந்துல இருந்தேன். வீக்கெண்ட் ஆனா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சொந்த அக்கா இல்ல, பெரியம்மா பொண்ணு. அவங்க பையனுக்கு எட்டு வயசு, ஆட்டிசம் இருக்கு. ஒரு சனிக்கிழமை மூணு பேரும் காய்கறி வாங்கக் கிளம்பினோம். கடை வாசலுக்குப் பக்கத்துல, தரையில வீல்சேர் படம் போட்ட இடத்துல அக்கா காரை நிறுத்தினாங்க. டேஷ்போர்டுல நீல அட்டையை எடுத்து வச்சாங்க. பையன் கதவைத் திறந்து குதிச்சு இறங்கினான். அக்கா ஒரே எட்டுல அவன் கையைப் புடிச்சாங்க.

அந்தப் பக்கமா வந்த ஒரு பெரியவர் நின்னு, பையனை மேலும் கீழும் பார்த்துட்டு, "நல்லாத்தானே நடக்குறான்? இந்த இடம் உண்மையிலேயே தேவைப்படுறவங்களுக்கு"ன்னு சொன்னார். அக்கா பதில் பேசல. பேட்ஜைக் கை காட்டிட்டு உள்ள போயிட்டாங்க. திரும்பி வர்ற வழியிலதான் சொன்னாங்க: "தம்பி, அந்த ஆளு கேட்டதுல எனக்குப் பெருசா கோபம் இல்ல. அதே கேள்வியைக் கேட்டுத்தான் கவுன்சில்ல முதல் தடவை அப்ளிகேஷனைத் திருப்பி அனுப்பினாங்க."

நான் அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன். ஒரு பார்க்கிங் அட்டை, அதுக்கு ஒரு விதி. அதுல "நடப்பது"ன்னு ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம்னு பிரிட்டன்ல கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் இழுபறி நடந்திருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

அட்டை எப்படி வந்தது?

முதல்ல ஒரு வண்டியைப் பத்திப் பேசணும். இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச காலம். 1948-ல பிரிட்டன்ல தேசிய சுகாதார சேவை தொடங்குது. அதே வருஷங்கள்லதான் இன்வாகார்னு ஒரு மூணு சக்கர வண்டி வருது. இளநீல நிறம், ஒரே ஒரு சீட்டு. கால் செயல்படாதவங்களுக்கு அரசாங்கமே இதைக் கொடுத்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா ஒரு சீட்டுங்கிறதைக் கவனிங்க. குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. தானே ஓட்ட முடியாதவங்களுக்கு அந்த வண்டியால பிரயோஜனமே இல்ல. யாருக்கு உதவிங்கிற கேள்விக்கு அன்னைய பதில் இதுதான்: கால் வேலை செய்யாது, ஆனா கையும் மூளையும் நல்லா இருக்கிற ஆள். போர்ல காயம்பட்டுத் திரும்பினவங்களை மனசுல வச்சுப் பார்த்தா இந்தப் பதில் எங்கிருந்து வந்ததுன்னு புரியும்.

அடுத்து 1969. ஆல்ஃப் மாரிஸ்னு ஒரு தொழிற்கட்சி எம்.பி., மான்செஸ்டர்காரர். அவரோட அப்பா முதல் உலகப் போர்ல படுகாயம் அடைஞ்சு வந்தவர். அந்த வீட்டுல வளர்ந்த பையன் எம்.பி. ஆகுறார். அங்கே தனிநபர் மசோதா கொண்டுவர எம்.பி.க்களுக்குள்ள குலுக்கல் போடுவாங்க. அதுல அவர் பேர் வருது. கிடைச்ச வாய்ப்புல மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு விரிவான சட்டத்தைக் கொண்டு வர்றார். 1970 மே மாசம் அது சட்டமாகுது. நாலு வருஷம் கழிச்சு, 1974-ல, மாற்றுத்திறனாளிகளுக்குன்னே ஒரு அமைச்சர் பதவி உருவாகி, உலகத்துலேயே முதல் ஆளா அவரே அதுல உட்கார்ந்தார்.

அந்த 1970 சட்டத்தோட 21-வது பிரிவுலதான் நம்ம பார்க்கிங் அட்டை இருக்கு. 1971-ல நடைமுறைக்கு வந்தப்போ அதோட நிறம் ஆரஞ்சு. "ஆரஞ்சு பேட்ஜ்"னுதான் கூப்பிட்டாங்க. ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி அட்டை இருக்கணும்னு 1998-ல ஐரோப்பிய ஒன்றியம் பரிந்துரை பண்ணுச்சு. அதன்படி 2000-ல அது நீலமாச்சு.

இந்த அட்டையில ஒரு அழகான விஷயம், இது காருக்குச் சொந்தம் இல்ல, ஆளுக்குச் சொந்தம். அந்த ஆள் கார் ஓட்டணும்னு அவசியம் இல்ல. பயணியா போனா போதும். அதனாலதான் ஒரு குழந்தை பேர்ல கூட அட்டை வாங்க முடியுது. இன்வாகாரோட ஒத்தை சீட்டுல இருந்து இது ரொம்பப் பெரிய தாவல்.

ஆனா யாருக்குக் கிடைக்கும்? 2000-ம் ஆண்டு விதியில இருந்த வரையறையை நம்ம மொழியில சொன்னா: நிரந்தரமான, கணிசமான குறைபாடு இருக்கணும், அதனால நடக்க முடியாமல் இருக்கணும், இல்லைன்னா நடக்க மிகுந்த சிரமம் இருக்கணும். எல்லா எடையும் "நடக்க"ங்கிற சொல் மேலதான்.

படம் வேற, ஆள் வேற

இதே காலகட்டத்துல இன்னொரு விஷயம் நடக்குது. 1968, ஸ்வீடன். மாணவர்களுக்கான ஒரு டிசைன் பட்டறை. சூசன் கோஃபோட்ங்கிற டென்மார்க் மாணவி ஒரு படம் வரையறாங்க. வெறும் வீல்சேர். அதுல ஆள் கிடையாது. 1969-ல அதை சர்வதேசக் குறியீடா ஏத்துக்கிறதுக்கு முன்னாடி, கார்ல் மோன்டன்ங்கிறவர் மேல ஒரு வட்டம் சேர்க்கிறார். அந்த வட்டம்தான் தலை. இன்னைக்கு லண்டன்லயும் சென்னை மால் பேஸ்மென்ட்லயும் நீங்க பார்க்கிறது அந்தப் படம்தான்.

குறியீடுன்னு பார்த்தா அருமையான வேலை. எந்த மொழிக்காரருக்கும் ஒரு செகண்ட்ல புரியும். ஆனா ஒரு செகண்ட்ல புரியணும்னா ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும். அந்தப் படம் சொன்னது "சக்கர நாற்காலி". அம்பது வருஷமா இதையே பார்த்துப் பழகின கண்ணு, அந்த இடத்துல இறங்குற ஆள்கிட்ட சக்கர நாற்காலியைத்தான் தேடும். அந்தப் பெரியவர் தேடினதும் அதைத்தான்.

கால் இருக்கு, வழி இல்ல

இப்போ பேட்ஜுக்குப் பக்கத்து வீட்டுத் திட்டம் ஒண்ணு. 1976-ல மொபிலிட்டி அலவன்ஸ்னு ஒரு உதவித்தொகை வருது. வெளிய போய் வர்ற செலவுக்கு. அதுக்குத் தகுதி: உடல் குறைபாட்டால நடக்கவே முடியாம இருக்கணும், இல்ல கிட்டத்தட்ட முடியாம இருக்கணும்.

ஒரு பெண் இதுக்கு விண்ணப்பிச்சாங்க. அவங்களுக்குப் பார்வை இல்ல. அதோட மூளையில நீர் சேர்ற ஒரு நோயால திசை உணர்வும் போயிடுச்சு. காலும் தசையும் நல்லா இருக்கு. ஆனா தானா ஒரு இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. வழக்கு 1985-ல பிரபுக்கள் அவை வரைக்கும் போச்சு. அப்போ அதுதான் அங்கே உச்ச நீதிமன்றம் மாதிரி. தீர்ப்பு அவங்களுக்கு எதிரா வந்துச்சு. நடப்பதுன்னா காலை எடுத்து வைக்கிற உடல் திறன். போக நினைச்ச இடத்துக்குப் போய்ச் சேருறது அதுல வராதுன்னு முடிவாச்சு.

ஒரு நிமிஷம் இதை யோசிங்க. யாராவது "நடந்து கடைக்குப் போயிட்டு வா"ன்னு சொன்னா, கடைக்குப் போறதுதானே விஷயம்? சட்டம் "நடந்து"ங்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டு "கடைக்கு"ங்கிறதை விட்டுடுச்சு.

1992-ல வந்த அடுத்த திட்டத்துல கொஞ்சம் கதவு திறந்துச்சு. பழக்கமில்லாத வழியில துணை வேணும்ங்கிறவங்களுக்குக் குறைந்த தொகை கிடைச்சது. கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடும் நடத்தைச் சிக்கலும் சேர்ந்து இருந்தா உயர்ந்த தொகை. உயர்ந்த தொகை கிடைச்சா பேட்ஜ் தானா கிடைக்கும். ஆனா அந்த வாசல் ரொம்பக் குறுகல்.

அப்புறம் 2013. பெரியவங்களுக்குப் புது உதவித்தொகை, பிப்னு சொல்றாங்க. இது புள்ளிக் கணக்கு. அம்பது மீட்டருக்கு மேல நடக்க முடியாதுன்னா நடமாட்டப் பிரிவுல 8 புள்ளி, பேட்ஜ் உறுதி. இன்னொரு பிரிவு, பயணத்தைத் திட்டமிட்டுப் பின்பற்றுறது. இந்தப் பிரிவுலதான் மனநிலை சார்ந்த சிக்கல்கள் வரும். ஆனா இங்கிலாந்துல இதுல எவ்வளவு புள்ளி வாங்கினாலும் பேட்ஜுக்கு உதவாது. மீட்டர் கணக்குக்கு மரியாதை, மனசுக்குக் கிடையாது.

கதவு திறந்த கதை

முதல்ல நகர்ந்தது இங்கிலாந்து இல்ல. வேல்ஸ் 2014-லயே அறிவாற்றல் குறைபாடு உள்ளவங்களையும் பேட்ஜுக்குள்ள கொண்டு வந்துச்சு. ஸ்காட்லாந்து 2016-ல ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பிச்சது: போக்குவரத்துக்கு நடுவுல தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துன்னு தெரியாத ஆட்களுக்கு பேட்ஜ். பிறகு அதையே நிரந்தரமாக்கினாங்க.

இங்கிலாந்துல நேர்மாறா ஒண்ணு நடந்துச்சு. 2016 நவம்பர்ல ஒரு தீர்ப்பாயம், கடுமையான உளவேதனையால தனியா பயணம் போக முடியாதவங்களுக்கும் பிப்ல உயர்ந்த புள்ளி கொடுக்கலாம்னு சொல்லுச்சு. அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 2017 மார்ச்ல விதியையே மாத்தி, உளவேதனை காரணம்னா அந்தப் புள்ளிகள் கிடையாதுன்னு சேர்த்துடுச்சு. அதை எதிர்த்து ஒரு பெண் வழக்குப் போட்டாங்க. 2017 டிசம்பர் 21 அன்னைக்கு உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லாதுன்னு சொல்லுச்சு. மனநலப் பாதிப்பு உள்ளவங்க மேல காட்டுற அப்பட்டமான பாகுபாடுன்னு நீதிபதி எழுதினார். 2018 ஜனவரியில அரசு மேல்முறையீடு போகல. ஏற்கனவே முடிவான சுமார் 16 லட்சம் கோரிக்கைகளைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்துச்சு.

அதே 2018 ஜனவரியில போக்குவரத்துத் துறை நீல பேட்ஜைப் பத்திப் பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேட்க ஆரம்பிச்சது. ஜூலையில மாற்றத்தை அறிவிச்சாங்க. 2019 ஆகஸ்ட் 30 அன்னைக்கு அமலுக்கு வந்துச்சு.

நான் கோடு எழுதுறவன். பழைய வெர்ஷனையும் புது வெர்ஷனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எந்த வரி மாறியிருக்குன்னு பார்க்கிறதுதான் தினமும் என் வேலை. இந்த விதியையும் அப்படித்தான் பார்த்தேன். புது வரையறையோட சாரம்: நீடித்த, கணிசமான குறைபாடு இருக்கணும். அதனால ஒரு பயணத்தின்போது நடக்க முடியாமல் போகணும். அல்லது நடக்கும்போது மிகுந்த சிரமம் இருக்கணும், அதுல மிகுந்த உளவேதனையும் அடங்கலாம். அல்லது நடக்கும்போது தனக்கோ மத்தவங்களுக்கோ கடுமையான தீங்கு நேர்ற ஆபத்து இருக்கணும்.

"நடப்பது"ங்கிற சொல்லை அவங்க தூக்கல. அதுக்கு முன்னாடி "ஒரு பயணத்தின்போது"ன்னு சேர்த்தாங்க. அவ்வளவுதான். 1985-ல விட்டுப்போன "கடைக்கு" 2019-ல திரும்ப வந்துடுச்சு. கால் நகருதாங்கிற கேள்வி போய், கார்ல இருந்து கடை வரைக்கும் இந்த ஆளால பத்திரமா போய்ச் சேர முடியுமாங்கிற கேள்வி வந்துச்சு. ஆரஞ்சு அட்டை வந்து 48 வருஷம் கழிச்சு.

பக் இல்லாத ரிலீஸ் உண்டா?

இதுலயும் ஒரு வினோதம் இருக்கு. பயணப் பிரிவுல மிக உயர்ந்த மதிப்பெண் 12. பழக்கமான வழியில கூட துணை இல்லாம போக முடியாதவங்களுக்கு அது. அதுக்குக் கீழ 10 புள்ளியில ரெண்டு வகை: பழக்கமில்லாத வழியில துணை தேவைப்படுறவங்க ஒண்ணு, தாங்க முடியாத உளவேதனையால எந்தப் பயணமும் போக முடியாதவங்க இன்னொண்ணு. இங்கிலாந்துல பேட்ஜ் தானா கிடைக்கிறது இந்த ரெண்டாவது 10-க்கு மட்டும்தான். 12 வாங்கினவங்களுக்குத் தானா கிடைக்காது. தனியா விண்ணப்பிச்சு மதிப்பீட்டுக்குப் போகணும். வேல்ஸ்லயும் ஸ்காட்லாந்துலயும் 12-ஐ ஏத்துக்கிறாங்க. அதிகமா பாதிக்கப்பட்டவங்க அதிகமா நிரூபிக்க வேண்டியிருக்கு. என் டீம்ல யாராவது இப்படி ஒரு கண்டிஷன் எழுதினா ரிவ்யூல கண்டிப்பா கமென்ட் போடுவேன்.

எதிர்த்தரப்பு கவலையையும் நியாயமா சொல்லணும். பேட்ஜ் கூடலாம், ஆனா கடை வாசல்ல இருக்கிற இடம் அப்படியே ஆறோ எட்டோதான். உண்மையிலேயே இருபது மீட்டர் நடந்தா உயிர் போற வலி வர்ற ஒருத்தர், இடம் நிரம்பியிருக்கிறதைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பலாம். அது கற்பனை பயம் இல்ல. ஆனா இடம் பத்தலைன்னா கேட்க வேண்டியது இன்னும் ரெண்டு இடம்தானே? எட்டு வயசுப் பையனை வரிசையில இருந்து வெளிய அனுப்புறது பதில் ஆகாது.

மோசமான நாளை எழுது

அக்கா கதைக்கு வருவோம். குழந்தைகளுக்கு பிப் கிடையாது, பழைய உதவித்தொகைதான். அதுல உயர்ந்த நடமாட்டத் தொகை இல்லைன்னா பேட்ஜ் தானா வராது. மதிப்பீட்டு வழியிலதான் போகணும். ஆன்லைன்ல ஃபார்ம். போட்டோ, அடையாளம், முகவரிச் சான்று, அப்புறம் எழுத வேண்டிய பெரிய பெட்டிகள். கட்டணம் இங்கிலாந்துல அதிகபட்சம் 10 பவுண்ட். முடிவு வர 12 வாரமோ அதுக்கு மேலயோ ஆகலாம்.

முதல் தடவை அக்கா என்ன எழுதினாங்க தெரியுமா? "நல்ல பையன். இப்போ நிறைய முன்னேற்றம். நல்லா நடப்பான், ஓடுவான். கூட்டத்துல மட்டும் கொஞ்சம் பயப்படுவான்." எந்த அம்மா எழுதினாலும் இப்படித்தான் எழுதுவாங்க. அஞ்சு வருஷமா தெரபிக்கு அலைஞ்சு, அவன் புதுசா ஒரு வார்த்தை சொன்னா ஊருக்கே போன் போட்டுச் சொன்னவங்க. அவங்க கையால "என் பையனால முடியாது"ன்னு எழுத வரல.

கவுன்சில்ல இருந்து ரெண்டு வரி பதில்: தனியா நடக்கிறான், தகுதி இல்ல. தகுதி இல்லைன்னு மறுத்தா மேல்முறையீட்டுக்குச் சட்டத்துல வழி கிடையாது. அதே கவுன்சிலைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். நடைமுறை சரியில்லைன்னா உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளர்கிட்ட புகார் பண்ணலாம்.

அதே மாதிரி பையன் வச்சிருக்கிற ஒரு தோழி சொன்னாங்களாம்: "அவனோட நல்ல நாளை எழுதாதே. மோசமான நாளை எழுது." அக்கா ரெண்டு வாரம் ஒரு நோட்டுல குறிச்சாங்க. ஒவ்வொரு தடவை வெளிய போனதையும். எந்த பார்க்கிங், எவ்வளவு தூரம், என்ன நடந்துச்சு. ஹாரன் சத்தத்துக்குக் கையை உதறிட்டு ரிவர்ஸ் எடுக்கிற வேனுக்குப் பின்னாடி ஓடினது. தரையில படுத்துக்கிட்டு நாற்பது நிமிஷம் எழுந்திருக்காதது. தூக்கப் போன அக்கா கையைக் கடிச்சது. பாதி நாள் காரை விட்டு இறங்காமலே திரும்பி வந்தது. ஸ்பெஷலிஸ்ட் கடிதமும் ஸ்கூலோட அறிக்கையும் சேர்த்து மறுபடி அனுப்பினாங்க.

"நல்லா ஓடுவான்"ங்கிறது ரெண்டு விண்ணப்பத்துலயும் இருந்துச்சு. முதல்ல அது மறுக்கக் காரணம். ரெண்டாவதுல அதுதான் ஆபத்துன்னு எழுதியிருந்தாங்க. பேட்ஜ் கிடைச்சுது, மூணு வருஷத்துக்கு.

"அந்த நோட்டை அப்புறம் படிச்சியாக்கா?"ன்னு கேட்டேன். "இல்லடா, பீரோல கீழ போட்டு வச்சிருக்கேன். மூணு வருஷம் கழிச்சு புதுப்பிக்கிறப்போ மறுபடி எழுதணும்ல"னாங்க.

விதி மாறினது பெரிய விஷயம். சந்தேகமே இல்ல. ஆனா கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டை இன்னொருத்தர் கண்ணுக்குத் தெரிய வைக்கிற வேலை இன்னும் அந்த அம்மா தலையிலதான் இருக்கு. வீல்சேர்ல இருக்கிறவங்களும் ஃபார்ம் நிரப்புறாங்கதான். ஆனா அவங்ககிட்ட பார்க்கிங்ல நின்னு யாரும் சாட்சி கேட்கிறதில்ல.

நம்ம நாட்டுல 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுது. முன்னாடி இருந்த 1995 சட்டத்துல ஏழுதான். ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் இப்போ பட்டியல்ல இருக்கு. தரையில வரைஞ்சிருக்கிறது மட்டும் அதே வீல்சேர் படம்.

கடைசியா ஒரு விஷயம். அந்த நீல அட்டையை நான் கையில வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் வீல்சேர் படம். பின்பக்கம் பையனோட போட்டோ. பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல, கேமராவைப் பார்க்காம எங்கேயோ பார்த்துட்டு இருக்கான். விதிப்படி முன்பக்கம் மேல தெரியிற மாதிரி வைக்கணும். அதனால போற வர்றவங்களுக்குத் தெரியிறது வீல்சேர் மட்டும்தான். அவன் முகம் டேஷ்போர்டைப் பார்த்துக் கவுந்து கிடக்கும்.

அடுத்த தடவை அந்த இடத்துல இருந்து யாராவது நல்லா நடந்து இறங்குறதைப் பார்த்தா, அட்டைக்குப் பின்பக்கம் ஒரு முகம் இருக்குன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இந்த வேலையை வீட்டுல பார்த்துக்கிட்டு இருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் வேற ஒரு கதையோட வர்றேன்.